கோழியின் காயமும் ‘கெயின்’ என்னும் விகுதியும்

ஐதராபாத்தின் புறநகர்களில் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கோழிகளை வளர்க்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. இராஜேந்திரநகரில் 1988இல் தொடங்கப்பட்ட கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜாவும் கிராமப்பிரியாவும் புறக்கடை வளர்ப்பையே கருதி வந்த இனங்கள். திறந்த வெளியில் மேயும் கோழிக்குக் காயம் தவறாது. நாய் கவ்வும், கீரி கடிக்கும், சேவலின் கால்முள் பெட்டையின் முதுகைக் கிழிக்கும். அப்போது வீட்டார் முதலில் எடுப்பது அலமாரியில் மனிதருக்கென வாங்கி வைத்திருக்கும் களிம்பைத்தான். கிருமிநாசினியோடு மரத்துப்போகச் செய்யும் மருந்தும் அதில் கலந்திருந்தால் கோழிக்கு என்ன ஆகும்?

‘பறவைக்கு அது நஞ்சு’ என்பது ஒரு சாராரின் தீர்ப்பு. ‘மனிதனுக்கு ஆகும் மருந்து கோழிக்கு ஆகாதா’ என்பது மறுசாராரின் அலட்சியம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் இரண்டுமே நிற்பதில்லை. லிக்னோகெயினை ஊசியாகச் செலுத்துகையில் பறவைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எச்சரிக்கை வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம். மனிதருக்கான வரம்பு கிலோவுக்கு ஏறத்தாழ 4.5 மில்லிகிராம். வேறுபாடு சிறிதே. கோழியை மற்ற உயிர்களினின்று பிரித்து வைக்கும் மர்மமான ஒவ்வாமை ஏதும் இதில் இல்லை. கோழி சிறியது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. 2 விழுக்காட்டு லிக்னோகெயின் கரைசலில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் மருந்து உண்டு. அறுபது கிலோ மனிதர் 13 மில்லிலிட்டர் வரை தாங்குவார். ஒன்றரைக் கிலோ பெட்டைக்கு 0.3 மில்லிலிட்டரிலேயே வரம்பு நிறைந்துவிடும். நாற்பது கிராம் எடையுள்ள ஒருநாள் குஞ்சுக்கு உரிய அளவு 0.16 மில்லிகிராம். ஒரே ஒரு சொட்டில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இருக்கிறது. அதாவது வரம்பைப் போல ஆறு மடங்கு. மேற்பூச்சாகத் தடவும்போது மருந்து முழுவதும் உடலுக்குள் போகாது என்பது உண்மையே. எனினும் தோல் உரிந்த சதை, முழுத்தோலைவிட வேகமாக மருந்தை உறிஞ்சும். கோழி தன் காயத்தைத் தானே அலகால் கோதும். சிவப்பைக் கண்டால் பக்கத்துக் கோழியும் கொத்தும். பூசியது வயிற்றுக்கும் போகிறது. அளவு மிஞ்சினால் சோர்வு, தள்ளாட்டம், வலிப்பு, இறுதியில் இதயம் நின்றுபோதல் என்ற வரிசையில் விளைவு வரும்.

இந்த மருந்துகளை அடையாளம் காண்பது மொழி சார்ந்த சிக்கலாகவும் இருக்கிறது. தமிழில் ‘மயக்க மருந்து’ என்றால் முழு மயக்கத்துக்கும் அதே சொல், ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்வதற்கும் அதே சொல். தெலுங்கின் ‘மத்துமந்து’ போதைப்பொருளையும் சேர்த்துக்கொள்கிறது. கடைக்காரரிடம் எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்பது? உறையிலோ, பொடி எழுத்து ஆங்கிலம். இங்கே உதவுவது ஒரு விகுதி. 1884இல் வியன்னாவின் கண் மருத்துவர் கார்ல் கொல்லர் கோகெயினைக் கொண்டு கண்ணை மரக்கச் செய்து காட்டினார். அதன் பின் வந்த செயற்கை மருந்துகள் அந்தப் பெயரின் வாலைத் தங்கள் பெயரிலும் ஒட்டிக்கொண்டன: புரோகெயின், பென்சோகெயின், லிக்னோகெயின். இந்தியாவில் லிக்னோகெயின் எனப்படுவதே அமெரிக்காவில் லிடோகெயின். இரண்டு என்று எண்ணி இரண்டையும் பூசிவிடக் கூடாது. உறையில் ‘கெயின்’ என்று முடியும் பெயர் தென்பட்டால், மருத்துவரைக் கேட்காமல் கோழிமேல் வைக்க வேண்டியதில்லை. பென்சோகெயினுக்குக் கூடுதல் குறை ஒன்றும் உண்டு: அது குருதியின் உயிர்வளி சுமக்கும் திறனைக் குலைக்கக்கூடும். அதனால்தான் 2018இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஈறில் அதைத் தடவக் கூடாதென எச்சரித்தது.

கோழிக்கு வலிக்காது என்று இதற்குப் பொருள் இல்லை. நொண்டும் இறைச்சிக்கோழிகள் வலிநீக்கி கலந்த தீவனத்தைத் தாமே தேர்ந்து உண்டதை 2000இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. தையல் போடும் கால்நடை மருத்துவர், எடை பார்த்து, நீர்த்து, லிக்னோகெயினைப் பயன்படுத்துவது முறையே. ஒட்டுமொத்தத் தடையைக் கோருவோர் அந்த வலியையும் எண்ண வேண்டும். மருத்துவரிடம் போகும் செலவு கோழியின் விலையைத் தாண்டிவிடுகிறது என்பதே வீட்டாரின் உண்மையான இடர்ப்பாடு; அதற்கு அறிவுரை மருந்தாகாது.

வீட்டிலேயே செய்யக்கூடியது எளிது. கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பிட்டுக் காயத்தைக் கழுவலாம். போவிடோன் அயோடினைத் தேநீர் நிறம் வரும்வரை நீர்த்து ஒற்றலாம். காயமுற்ற கோழியைத் தனியே அடைத்து வைப்பது எல்லாவற்றினும் முக்கியம். ஹைட்ரஜன் பெராக்சைடு ஆறும் சதையையும் அரிக்கும். பிசுபிசுப்பான களிம்பு இறகை ஒட்டவைத்து உடற்சூட்டைக் காக்கவிடாது.

முட்டை பற்றியும் ஒரு சொல். உணவுக்கான விலங்குகளின் மருந்து உறையில் விலக்குக் காலம் குறிக்கப்பட வேண்டுமென 2012இல் இந்திய மருந்து விதிகள் திருத்தப்பட்டன. குறிப்பிட்ட காலம் இல்லாதபோது முட்டைக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். மனிதக் களிம்பின் உறையில் இந்த வரி இருக்காது; அதை எழுதியவர் கோழியை நினைத்திருக்கவே இல்லை. ஆகவே அந்த முட்டைகளைக் குழந்தைக்குக் கொடுக்கும் வீட்டாருக்கு எச்சரிக்கை எங்கிருந்தும் வராது. கோழியின ஆராய்ச்சி நிறுவனமும் கால்நடைப் பல்கலைக்கழகமும் ஒரே இராஜேந்திரநகரில்தான் இருக்கின்றன. தெலுங்கிலும் உருதுவிலும் பத்து வரிகள் போதும். குஞ்சுகளை வைத்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டியின் மூடியிலேயே அவற்றை அச்சிட இடமிருக்கிறது.