நம்மூர் வெயிலுக்கு எந்த நாய்?

ஆசிரியருக்கு,

நாய், பூனை இனங்களை ஒப்பிட்டு நீங்கள் வெளியிட்ட அட்டவணை பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அதை நம்பி நம்மூரில் ஒருவர் குட்டி வாங்கினால், பாவம் அந்தக் குட்டிதான். சைபீரியன் ஹஸ்கிக்கு நேரே 'தினமும் நெடுந்தூரம் ஓட விடவும்' என்று இருக்கிறது. மே மாதத்தில் எங்கே ஓட விடுவது? என் தங்கை குடியிருக்கும் தெருவில் ஒரு ஹஸ்கி, பகலெல்லாம் குளியலறை ஈரத் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பொழுது சாய்ந்த பிறகுதான் வாசலுக்கே வருகிறது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வெயிலில் மூச்சுத் திணறும். பாரசீகப் பூனையின் முடியைத் தினம் சீவாவிட்டால் சடை பிடித்துவிடும். இவை எதற்கும் அட்டவணையில் கட்டம் இல்லை.

நம் நாட்டு நாய் இனங்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றுக்கு அந்த அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. ராஜபாளையம் நாய்க்கு 2005-லேயே அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது! அதற்காக, நாட்டு இனத்தில் குறையே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி தூங்கும்போது மற்றவற்றிடமிருந்து பிரித்து, பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் வாங்குவோம். சிப்பிப்பாறை ஓடுவதற்கென்றே பிறந்தது. அடுக்குமாடி வீட்டில் அடைத்தால் கதவைப் பிராண்டியே தீர்த்துவிடும்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவர்களைக் கேட்டு, வெயில் தாங்குமா, முடி எவ்வளவு உதிரும், மாதச் செலவு என்ன, பரம்பரைக் கோளாறு எது என்ற கட்டங்களுடன் இதே அட்டவணையைத் திரும்ப வெளியிடுங்கள். நாட்டுப் பூனைக்கும் அதில் ஓர் இடம் வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான்.

ஒரு வாசகர்,
ஸ்ரீவில்லிபுத்தூர்