பழைய ஜீப் வண்டியும் ஞாயிற்றுக்கிழமை வேலையும்

கப்பலூரையும் திருமங்கலத்தையும் சூழ்ந்த கரிசல் நிலங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் வண்டிப்பாதைகள் என்ன கதிக்கு வரும் என்பது அந்நிலத்தில் பாடுபடுவோர் நன்கறிந்த விஷயம். சேறு மாட்டின் காலையும் விடாது. ரப்பர்ச் சக்கரத்தையும் விடாது. அத்தகைய பாதையில் உரமூட்டையையும் பழுதான பம்பையும் ஏற்றிச் செல்வதை உத்தேசித்து, நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய ஜீப் வண்டியை வைத்துக்கொண்டிருக்கும் நிலச்சுவான்தார்கள் இன்றும் உண்டு. ஓய்வு நாளில் அவ்வண்டியைத் தாமே கழற்றிச் செப்பனிடும் வழக்கம் மெச்சத்தக்கதே. ஆயினும் வரவர அவ்வேலை செப்பனிடுதலை விட்டு உருமாற்றுதலாகப் போய்க்கொண்டிருக்கிறது. பிரேக்கு சரியில்லாத வண்டிக்குப் பெரிய சக்கரம் பூட்டுவது, ஒழுகும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பதைச் சிறிது நினைவு கூர்தல் நலம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவத்தின் பொருட்டு வில்லீஸ், போர்டு என்னும் இரு கம்பெனிகளும் 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. யுத்தம் முடிந்த 1945-ஆம் வருஷத்திலேயே வில்லீஸ் கம்பெனி ஸி.ஜே. 2ஏ என்னும் வண்டியைப் பொதுமக்களுக்கு விற்க முன்வந்தது. கலப்பை இழுக்கவும், யந்திரத்தின் சக்தியைத் தனித் தண்டொன்றின் வழியாக வெளியே எடுத்து வேறு கருவிகளைச் சுழற்றவும் அதில் வசதி செய்து கொடுக்கப்பட்டது. குடியானவருக்கு ஏற்ற வண்டி என்றே விளம்பரமும் செய்யப்பட்டது. இந்தியாவில் 1947 முதல் பம்பாயில் மஹீந்திரா கம்பெனியார் வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்றனர். பின்னாளில் அவற்றில் வைக்கப்பட்ட டீசல் யந்திரங்களில் ஒரு வகை, இண்டர்நேஷனல் பி.275 டிராக்டரின் யந்திரத்தை ஒட்டியது. ஆகவே டிராக்டரைப் பழுதுபார்க்கும் கை, இந்த யந்திரத்தையும் பார்த்துவிடும். மெதுவாகச் சென்று பாரம் இழுப்பதே இவ்வண்டியின் தொழில். அதன் உயரம், சக்கரத்தின் அளவு, பிரேக்கின் பலம் யாவும் அதற்கென்றே கணக்கிடப்பட்டவை.

ஞாயிற்றுக்கிழமையில் முதற்கண் கவனிக்க வேண்டியது பிரேக்கே. பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் ஒரே வழியாகச் செல்லுகிறது. இக்காலத்துக் கார்களில் ஒரு வழி பழுதுபட்டால் மற்றொரு வழி பாதி வண்டியையாவது நிறுத்தும். பழைய ஜீப்பில் ஒரு சக்கரத்தின் ரப்பர்க் குழாய் வெடித்தாலும் மிதி அடிவரை இறங்கிவிடும், நான்கும் நில்லா. மாஸ்டர் சிலிண்டரோ ஓட்டுவோரின் காலடித் தகட்டின்கீழ் இருப்பதால், சேறும் தண்ணீரும் அதன் மூடியின்மேல் படிகின்றன. பிரேக்கு எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்து மிதியை இளக்கிவிடும். உள்ளிருந்தே இரும்பைத் துருப்பிடிக்கவும் செய்யும். எனவே எண்ணெய் குறையாதிருப்பினும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் இறக்கிப் புதிது ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு யந்திர ஆயிலை அதில் ஊற்றுவோரும் உண்டு. இதைவிடக் கெடுதல் வேறில்லை. ரப்பர் வளையங்கள் உப்பி, சிலிண்டர்கள் எல்லாவற்றையும் மாற்றும்படி நேரும்.

கைப்பிரேக்கைப் பற்றியும் தவறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. பழைய வகைகள் பலவற்றில் அது சக்கரங்களைப் பிடிப்பதன்று. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில் உள்ள சிறு டிரம்மைப் பிடிப்பது. அங்குள்ள ஆயில் சீல் ஒழுகினால் டிரம் வழுக்கிவிடும். கண்மாய்க் கரைச் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்பி இறங்குவது தகாது. சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும்.

சேற்றில் ஓடிய வண்டியைக் காயவிடாமல் கழுவுதல் அடுத்த வேலை. கரிசல் மண் காய்ந்தால் கல்லாகிவிடும். டிரம்மினுள் புகுந்தால் உப்புத்தாள்போல் தேய்க்கும். ரேடியேட்டரின் இடுக்குகளில் படிந்தால் யந்திரம் சூடேறும். முன் அச்சின் இரு முனைகளிலும் உள்ள உருண்டைக் கூட்டைத் துடைத்து, சீல் கிழிந்திருந்தால் மாற்றிக் கிரீஸ் வைக்க வேண்டும். அங்கே கிங் பின் பேரிங்கு தளர்ந்தால் முன் சக்கரங்கள் ஓட்டத்தில் நடுங்கத் தொடங்கும். சந்தையில் கிடைக்காத பித்தளைப் புஷ்களையும் முள்ளாணிகளையும் லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். தொழிற்பேட்டை அருகிலுள்ள ஊரில் இது பெரிய அனுகூலம். பிரேக்குக் குழாயும் ரப்பர் வளையமும் மாத்திரம் பட்டறைச் சாமானாக இருத்தல் கூடாது.

இவற்றுக்குச் செலவாகும் பணம் கண்ணுக்குத் தெரியாது. பெரிய சக்கரமும் உயர்த்திய ஸ்பிரிங்குப் பட்டையும் முன்புறத்து இரும்புக் குழாய் அரணும் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் தெரியும். இளைஞர்களுக்கு இவற்றின்மேல் ஆசை எழுவது இயல்பே. ஆனால் சக்கரம் பெரிதானால் அதே பிரேக்கு அதிக பலத்தை எதிர்த்து நிற்க வேண்டியிருக்கும். வேகம் காட்டும் முள்ளும் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். வண்டியை உயர்த்தினால் வளைவில் குடைசாயும் அபாயம் மிகும். தண்டின் இணைப்புகளும் சாய்வு கூடி விரைவில் தேயும். வயலோடு நின்றால் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். கப்பலூர்க் குடியானவரோ மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் செல்ல நான்கு வழிச் சாலையில் ஏறவேண்டியவர். அவ்விடத்தில் லாரிகளும் பஸ்களும் விரையும். அவற்றினிடையே நடுங்கும் சக்கரத்தோடும் பலங்குன்றிய பிரேக்கோடும் செல்பவர் தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. நான்கு சக்கர இழுப்பையும் காய்ந்த தார்ச் சாலையில் போட்டுக்கொண்டு ஓட்டலாகாது. பல்சக்கரங்கள் முறுகி உடைய அது வழிசெய்யும்.

சட்டத்தின் நிலையும் தெளிவானது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியைத் தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகத் திருத்தலாகாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் சற்றுத் தளர்த்திக் கூறியதை 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு மாற்றி, இக்கட்டுப்பாட்டை உறுதி செய்தது. அவ்வருஷத்துத் திருத்தச் சட்டப்படி, உரிமையாளர் செய்யும் மாறுதல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்புறத்து இரும்பு அரண்களும் இப்பிரிவுக்கு விரோதமானவை என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. யந்திரத்தையே மாற்ற நேரிட்டால், மாற்றிய பிறகன்று, மாற்றுமுன்னரே பதிவு அதிகாரியிடம் அனுமதி பெறவேண்டும். 15 வருஷம் கடந்த சொந்த வண்டி 5 வருஷத்துக்கொரு முறை பதிவு புதுப்பிக்கப்படுவது. அப்போது பரிசோதனைக்கு நிற்கும் வண்டி சான்றில் உள்ளபடி இருத்தல் அவசியம்.

அரசாங்க இலாகாக்களின் பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்துப் புதுப்பிக்கலாம் என்ற பழைய எண்ணத்தையும் கைவிட வேண்டும். 15 வருஷம் கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைப்பு நிலையத்துக்கே போகவேண்டியவை.

வெள்ள காலத்தில் கிராம அதிகாரிகள் ஊராரின் ஜீப்பை இரவல் பெற்றுக் கண்மாய்க் கரைகளைப் பார்வையிடச் செல்வதுண்டு. ஏறுமுன் பதிவுச் சான்றையும் காப்பீட்டையும் கேட்டுப் பார்ப்பது அவமரியாதை ஆகாது. மிதியை ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லலாம். அழுத்திய கால் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் வேறு வண்டி தேடுவது உத்தமம். செப்பனிடும் உரிமையாளரும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே படுத்தலாகாது. ஈர மண்ணில் ஜாக்கி சாயும். அகலமான பலகையின்மேல் ஜாக்கியை நிறுத்தித் தூக்கி, அச்சின் கீழே இரும்புத் தாங்கியோ கனத்த மரக்கட்டையோ வைத்து, எதிர்ச் சக்கரங்களுக்கு இருபுறமும் கல் கொடுத்த பின்னரே ஸ்பேனரைக் கையிலெடுக்க வேண்டும்.