ஒத்திவைத்த இன்பம்

தமிழகத்தை விட்டு வந்து இந்தக் காசியில் பயிலும் நண்பர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் அறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் எத்தனை நாள்கள் உங்களுக்குச் சொந்தமானவை? தேர்வு முடியும் நாள், பயணச்சீட்டுப் பதிவு தொடங்கும் நாள், ஊருக்கு இரயில் ஏறும் நாள் ஆகிய மூன்றை மட்டும் வட்டமிட்டு வைத்துக்கொண்டு, மற்ற நாள்களையெல்லாம் வெறுமனே கிழித்தெறிய வேண்டிய தாள்களாக நாம் கருதவில்லையா?

நான் கருதினேன். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெறவேண்டும் என்று திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இங்கு வந்தவன் நான். வயது 23. வந்து ஒன்றரை ஆண்டு ஆகியும் விடுதி, வகுப்பறை, ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றையன்றி நான் அறிந்த இடம் இரயில் நிலையம் ஒன்றுதான். இன்பம் என்பது ஊரில் இருக்கிறது. விடுமுறைக்குப் போகும்போது அதை எடுத்து அனுபவித்துக்கொள்ளலாம். அதுவரை பொறுத்திருக்க வேண்டியதுதான் என்பது என் சித்தாந்தம். இந்தச் சித்தாந்தம் தவறானது என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கடவுச்சீட்டும் விசாவும் வேண்டாத ஊர்தான் காசி. ஆயினும் நமக்கு இஃது அயல்நாடே. மொழி வேறு, உணவு வேறு, குளிர் வேறு. என் தாயார் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "அங்க இப்ப மணி என்னய்யா?" என்று கேட்பார்கள். "இங்கேயும் அதே மணிதான் அம்மா" என்று நான் சிரிப்பேன். மறுமுறையும் அதையே கேட்பார்கள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பதே அவர்களுடைய எண்ணம். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதே எண்ணந்தான்.

சென்ற பிப்ரவரியில் மூன்றாம் பருவத் தேர்வின் முடிவு வந்தது. ஒரு தாளில் நான் தோற்றிருந்தேன். பள்ளி நாள்முதல் தோல்வி என்பதையே அறியாதவன், இதை யாரிடம் சொல்வேன்? வீட்டுக்குச் சொல்லவில்லை. உடன் இருப்பவர்களிடமும் சொல்லவில்லை. பத்து நாள் தொடர்ந்து, "சாப்பிட்டியாய்யா?" என்ற கேள்விக்கு, "ஆச்சும்மா" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரந்தான் என் ஆய்வுக்கூட நண்பர் ஒருவர், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர், தம் மாமாவின் பழைய காரோடு விடுதி வாசலில் வந்து நின்றார். "ஞாயிற்றுக்கிழமை மிர்சாபூர் பக்கம் போகிறேன். இடம் இருக்கிறது, வருகிறீர்களா?" என்றார். நான் மறுத்தேன். என் அறைத் தோழனும், தருமபுரியிலிருந்து வந்து முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவனும் என்னை விடவில்லை. "அண்ணா, நீங்க வரலைன்னா நானும் போகலை" என்று அந்தத் தம்பி பிடிவாதம் பிடித்தான். அவனுக்காகக் கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்குக் கங்கையைக் கடந்து இராமநகர் வழியே சென்றோம். நகரத்தின் நெரிசல் ஒரு மணி நேரத்தில் எங்கோ மறைந்துவிட்டது. இரு புறமும் கடுகுப் பூவின் மஞ்சள். அதற்கப்பால் கோதுமையின் பசுமை. ஆள் உயரத்துக்கு நின்ற ஒரு பயிரைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். "துவரை" என்றார் வண்டி ஓட்டிய நண்பர். நாள்தோறும் சாம்பாருக்காக ஏங்கும் நாங்கள் மூவரும் துவரஞ்செடியை அடையாளம் காணத் தெரியாமல் விழித்தோம்! ஏக்கம் மிகுந்தவனுக்குக் கண் தெரிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சுனாரில் வண்டியை நிறுத்திக் கச்சோரியும் ஜிலேபியும் தின்று, மண்குவளையில் தேநீர் பருகினோம். கோட்டை மலையின் அடியில் கங்கையைப் பார்த்து நின்றபோது நண்பர் ஒரு நாணயத்தை எடுத்து எங்களிடம் காட்டினார். அதில் உள்ள சிங்கங்கள் அசோகர் காலத்தில் சாரநாத்தில் நிறுவப்பெற்ற தூணின் உச்சியில் இருந்தவை; 1950 ஜனவரி 26 அன்று நாட்டின் சின்னமாக ஏற்கப்பட்டவை. அந்தச் சிங்கங்களைச் செதுக்கிய மணற்கல் இந்தச் சுனார்க் குன்றுகளில் வெட்டியெடுத்ததாம். நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இந்த ஊர் இருக்கிறது. நாமோ இந்த ஊரின் பெயரையும் கேட்டதில்லை.

மிர்சாபூரைத் தாண்டித் தெற்கே ரீவா செல்லும் பாதையில் திரும்பினோம். அது வெறும் பாதை அன்று. 2010-இல் நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றியமைக்கும் வரையில், காசியில் தொடங்கி மிர்சாபூர், ரீவா, ஜபல்பூர், நாகபுரி, ஐதராபாத், பெங்களூர், சேலம், மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரியில் முடிந்த ஏழாம் எண் நெடுஞ்சாலையின் பகுதி அது. நீளம் 2,300 கிலோமீட்டருக்கு மேல். இன்று அது பல எண்களாகப் பிரிந்துவிட்டது. நாகபுரிக்குத் தெற்கே அதற்கு 44 என்று பெயர். என் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துக்கு அருகே ஓடுகின்ற அதே சாலை! இதன் மறுமுனையில் ஒன்றரை ஆண்டு வாழ்ந்தும் அதை நான் அறியவில்லை.

மிர்சாபூருக்கு அப்பால் சில மைல் சென்றதும் வண்டியின் சக்கரம் பஞ்சர் ஆயிற்று. மாற்றுச் சக்கரமும் காற்றின்றிக் கிடந்தது. நண்பர் சக்கரத்தைக் கழற்றி, அவ்வழி வந்த டிராக்டரில் ஏறிப் பஞ்சர் ஒட்டச் சென்றார். நாங்கள் மூவரும் ஒரு துவரை வயலின் ஓரத்தில் உட்கார்ந்தோம். பொழுது போகாமல் கைப்பேசியில் இடத்தைப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீர்க்கரேகை எண்பத்திரண்டரைப் பாகை கிழக்கு என்று காட்டிற்று.

இயற்பியல் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 1906 ஜனவரி 1 முதல் வழங்கிவரும் இந்திய நேரம் இந்தத் தீர்க்கரேகையை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், திருநெல்வேலியில் சூரியன் உச்சிக்கு வருவது இங்கே வருவதற்கு ஏறத்தாழ 19 நிமிடம் கழித்துத்தான். பிப்ரவரி நடுவில் கடிகாரத்துக்குச் சூரியன் சுமார் 14 நிமிடம் பிந்தும். ஆகவே இங்கு உச்சிப்பொழுது 12 மணி 14 நிமிடம் என்று கணக்கிட்டேன். "சோதித்துப் பார்ப்போம் அண்ணா" என்றான் தம்பி. ஒரு குச்சியை நட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கல் வைத்தோம். 12 மணி 10 நிமிடத்துக்கும் 20 நிமிடத்துக்கும் இடையில் நிழல் மிகக் குறுகி, பிறகு நீளத் தொடங்கிற்று. மூவரும் கைதட்டினோம். ஆய்வுக்கூடத்தில் ஆயிரம் கருவிகளோடு செய்த எந்தச் சோதனையும் எனக்கு அத்தகைய மகிழ்ச்சியைத் தந்ததில்லை.

கைதட்டல் கேட்டு வயலுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் வந்தார். எங்கள் அரைகுறை இந்தியில், தமிழ்நாடு என்றோம். அவர் முகம் மலர்ந்தது. "இராமேசுவரம்!" என்று கை கூப்பினார். பல ஆண்டுகளுக்கு முன் தம் மனைவியோடு கங்கை நீர் எடுத்துக்கொண்டு அங்கு சென்றிருக்கிறார். இதற்குள் சக்கரத்தோடு திரும்பிய நண்பர் அவரைக் "காகா" என்று மரியாதையாக அழைக்க, எங்கள் தம்பி சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் என்னவென்று சொல்வேன்! சித்தப்பாவை அழைக்கும் சொல் அது என்று பிறகுதான் அவனுக்கு விளங்கிற்று.

"மொழி தெரியாத ஊரில் என்ன செய்தீர்கள்?" என்று பெரியவரைக் கேட்டேன். ரொட்டி கிடைக்கவில்லை, புளிப்பு ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் அந்தப் பத்து நாள்களைப் போல் தாம் மகிழ்ந்திருந்த காலம் வேறு இல்லை என்றார். ஒரு தமிழ்ச் சொல் மட்டும் இன்றும் நினைவிருக்கிறதாம். "போதும்!" சோறு பரிமாறியவர்கள் நிறுத்தவே மாட்டார்களாம், அதற்காகக் கற்றுக்கொண்டாராம். வீட்டிலிருந்து பச்சைப் பட்டாணி போட்டுத் தாளித்த அவல் வந்தது. நாங்கள் மூவரும் "போதும், போதும்" என்று சொல்லும் வரையில் அவர் இலைத் தொன்னைகளை நிரப்பிக்கொண்டே இருந்தார்.

அந்த அவலைத் தின்றுகொண்டே நான் தேர்வில் தோற்றதை நண்பர்களிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. "நான் போன வருஷமே ஒன்றில் தோற்றேன், உன்னிடம் சொல்ல வெட்கம்" என்றான் என் அறைத் தோழன். ஒரே அறையில் இருவரும் இத்தனை மாதம் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளிந்து வாழ்ந்திருக்கிறோம்!

அங்கிருந்தே அம்மாவை அழைத்தேன். வழக்கமான கேள்வி வந்தது: "அங்க மணி என்னய்யா?" நான் சிரிக்கவில்லை. நம் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஓடுவது நான் நிற்கும் இந்த வயலின் நேரப்படிதான் என்று விளக்கினேன். பிறகு தேர்வு முடிவைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. "அதான் பத்து நாளா உன் குரலே சரியில்லையா? அடுத்த தரம் எழுதிக்கலாம்யா. சாப்பிட்டியா?" என்றார்கள். அன்று "ஆச்சும்மா" என்று நான் சொன்னது பொய் இல்லை.

நண்பர்களே, ஒரு நாள் பயணத்தால் துன்பமெல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தோற்ற தாள் தோற்ற தாள்தான். அதை மீண்டும் எழுத வேண்டும். ஆனால், இன்பத்தை ஊரில் அடகு வைத்துவிட்டு இங்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் வாழ்க்கையை இனி நான் வாழமாட்டேன்.

"படிக்க வந்தோமா, ஊர் சுற்ற வந்தோமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தந்தையை இழந்தபின் 1898-இல் இந்தக் காசிக்கு வந்த பாரதி இங்கு பள்ளிப் பாடம் மட்டுமா படித்தான்? இந்தியும் வடமொழியும் கற்றான். தலைப்பாகையும் மீசையும் அவனுக்கு வந்ததும் இங்கேதான் என்பர். வந்த ஊரை அவன் காத்திருப்பு அறையாகக் கருதவில்லை. பணம் இல்லையே என்பார்கள். அன்று பெட்ரோல், உணவு எல்லாம் சேர்ந்து ஆளுக்கு 400 ரூபாய்க்குள் அடங்கிற்று. அதுவும் இல்லாதவருக்குச் சாரநாத் வரை நடைப்பயணம் உண்டு. மொழி தெரியாதே என்பார்கள். ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் பத்து நாள் மகிழ்ந்திருந்த கதையைச் சொன்னேன். வேறு விடை என்னிடம் இல்லை.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம்மிடையே வந்து சேர்ந்த மாணவர் ஒருவர், மூன்றே மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். அவர் போனபின்தான் அவர் துயரம் நமக்குத் தெரிந்தது. பொங்கல் விழாவுக்கு அவரை அழைத்தோம். ஒரு வேளை உணவும் தந்தோம். "வா தம்பி, வெளியே போய் வரலாம்" என்று யார் அழைத்தோம்? நானும் அழைக்கவில்லை.

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவின் மேடைச் செலவில் சிறிது குறைத்து, பருவத்துக்கு ஒருமுறை, புதிதாக வந்த மாணவர்களை ஒரு நாள் சாலை வழியே வெளியே அழைத்துச் செல்லுங்கள். இந்த மண்ணைச் சேர்ந்த வகுப்புத் தோழர் ஒருவரையாவது கட்டாயம் உடன் அழையுங்கள். பெரிய திட்டம் வேண்டாம். வண்டி பழுதானாலும் கவலை வேண்டாம்.

மன்றம் முடிவு செய்யும் வரையில் காத்திராமல், வரும் ஞாயிறன்று நானும் என் அறைத் தோழனும் பேருந்தில் சுனார் செல்கிறோம். காலை ஆறு மணிக்கு விடுதி வாசலில் நிற்போம். வர விரும்புவோர் வரலாம். ஒரு குச்சியும் எடுத்து வருகிறேன்.