பழசுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு!

நம் வீடுகளில் எதையும் சுலபத்தில் தூக்கிப் போட மாட்டோம். பாட்டியின் நூல் புடவை பேரனுக்குத் தூளியாகும். தூளி நைந்தால் அடுப்படியில் கரித்துணியாகும். தேங்காய் நார் பாத்திரம் தேய்க்க, சிரட்டை அடுப்பெரிக்க. இந்தச் சிக்கனத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது நல்ல குடும்பத்தின் லட்சணம்!

ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் வீட்டில் மிஞ்சியது உமி, ஓலை, சாணி, நூல் துணி. இன்றைக்கு மிஞ்சுவது என்ன? பேட்டரி, பூச்சிமருந்து டப்பா, சாயம் ஏறிய பனியன் துண்டு, மில் கழிவுப் பஞ்சு. பழசைப் புதுசாக்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. பழசின் குணம் மாறிவிட்டது. ‘எங்க தாத்தா காலத்துலேர்ந்து செய்யறோம், என்ன ஆயிடுச்சு?’ என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான். தாத்தா காலத்தில் வீட்டுக்குள் பேட்டரி கிடையாது.

பெண் எடுக்கும்போது பூர்வீகம் விசாரிக்கிறோம். நிலம் வாங்கும்போது மூலப் பத்திரம் கேட்கிறோம். கழிவுப் பொருளை எடுத்து ஒரு சாமானாக்கும்போது மட்டும், இது முன்னே எதுவாக இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. செய்கிறவரும் கேட்பதில்லை, வாங்குகிற நாமும் கேட்பதில்லை.

‘சும்மா தைக்கிறேன்!’

போடி இலவம்பஞ்சுக்குப் பேர் போன ஊர். தேனி பருத்தி வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். பஞ்சு இருக்கும் இடத்தில் தலையணை, மெத்தைத் தொழில் இருப்பது இயற்கை. நல்ல இலவம்பஞ்சு விலை ஏறிவிட்டதால், மலிவுத் தலையணைக்குள் இப்போது போவது வேறு. மில் கழிவுப் பஞ்சு, அரைத்துத் தூளாக்கிய பனியன் வேஸ்ட், பழைய மெத்தையைப் பிரித்து மறுபடி அடித்த பஞ்சு. வேலை நடப்பது பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலும் முன்கட்டிலும்தான். பெண்கள் பஞ்சை உதறி, அடைத்து, தைக்கிறார்கள். பக்கத்திலேயே குழந்தை தூங்கும். மூலையில் உலை கொதிக்கும்.

இப்படிப்பட்டவர்கள் இருமலோடு வருவார்கள். “என்ன வேலைம்மா பார்க்கிறே?” என்று கேட்டால், “வேலைக்கெல்லாம் போகலைங்கய்யா... வீட்லதான் சும்மா தலகாணி தைக்கிறேன்” என்று பதில் வரும். அந்த ‘சும்மா’தான் என்னை உறுத்துகிற வார்த்தை! தினம் ஏழெட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கிறார். ஆனால் அது வேலைக் கணக்கில் சேர்வதில்லை. அதனால் வியாதிக் கணக்கிலும் சேர்வதில்லை.

‘உன் தொழில் என்ன?’ என்று நோயாளியைக் கேட்க வேண்டும் என வைத்தியர்களுக்கு வற்புறுத்தியவர் இத்தாலி நாட்டு வைத்தியர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி. தொழிலாளர்களின் நோய்கள் பற்றி 1700-ம் வருடமே நூல் எழுதியவர். முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்வியை நம்மில் பலர் கேட்பதில்லை.

பருத்தித் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு ‘பிஸினோசிஸ்’ என்று பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலையில் உட்கார்ந்ததும் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். செவ்வாய், புதன் ஆக ஆகக் குறைந்துவிடும். ‘சரியாப் போச்சு’ என்று விட்டுவிடுவார்கள். வருடங்கள் ஓடும். இறுக்கம் ஒரு நாள், இரண்டு நாள் என்று நீண்டு, கடைசியில் வாரம் முழுக்க நிலைத்துவிடும். அந்தக் கட்டத்தில் வேலையை விட்டாலும் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம். பஞ்சோடு ஒட்டி வரும் பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள் இதற்கு முக்கியக் காரணம் என்று கண்டிருக்கிறார்கள். பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்துகொண்டால் பாதிப்பு பன்மடங்கு.

‘பஞ்சு இயற்கைப் பொருள்தானே, டாக்டர்?’ என்று கேட்பார்கள். இயற்கைதான். எட்டிக்கொட்டையும் இயற்கைதான்! இயற்கை என்ற ஒரு காரணத்துக்காக எதுவும் தீங்கற்றதாகிவிடாது. சித்த மருத்துவன் நானே இதைச் சொல்கிறேன்.

வெல்லம் சாப்பிட்டால் தூசி போகுமா?

தூசி வேலை செய்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. ராத்திரி ஒரு துண்டு வெல்லமோ, ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டால் உள்ளே போன பஞ்சு வெளியே வந்துவிடுமாம். சாப்பாடு போகிற குழாய் வேறு, மூச்சு போகிற குழாய் வேறு. வெல்லம் இரைப்பைக்குப் போகும். தூசி நுரையீரலில் உட்கார்ந்திருக்கும். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

ஆடாதோடை, திப்பிலி, தாளிசாதி சூரணம் எல்லாம் இருமலைத் தணிக்கும், சளியை இளக்கும். நானும் கொடுக்கிறேன். ஆனால் காலையில் மருந்தைக் குடித்துவிட்டுப் பகல் முழுக்க அதே தூசியில் உட்கார்ந்தால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், எந்த வைத்தியம் செய்துகொண்டாலும் சரி, முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். காசு கிடையாது. காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகும் மூச்சிரைப்பு இருந்தால், தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். போகும்போது பார்க்கிற வேலையை மறக்காமல் சொல்லுங்கள். ‘சும்மா’ என்ற வார்த்தை வேண்டாம்!

அடுப்பில் உருகும் காரீயம்

தூசியாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத எதிரி காரீயம். தமிழில் இரண்டு உலோகத்தை நாம் பொதுவாக ‘ஈயம்’ என்றே சொல்லிவிடுகிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது. பேட்டரிக்குள் இருப்பது காரீயம். எங்கள் குணபாடத்தில் வெள்வங்கம், கருவங்கம் என்று இரண்டும் தனித்தனிச் சரக்கு. பேச்சில் இரண்டும் ஒன்றாவதுபோல், பட்டறையிலும் ஒன்றாகிவிட்டால் ஆபத்து. கலப்படத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பழைய பேட்டரியை உடைத்து, தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்கி, மீன் வலைக்குக் குண்டும் தூண்டிலுக்கு எடையும் வார்ப்பது பல நாடுகளில் நடக்கிற கைத்தொழில். காரீயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். விறகு அடுப்பே போதும். அதனால்தான் அது வீட்டுக் கொல்லைக்கு வந்துவிடுகிறது. புகையும் தூளும் மண்ணில் படியும். அதே மண்ணில் குழந்தை தவழும், கையை வாயில் வைக்கும். பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு காரீயத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டாக்கர் அருகே தியாராய் என்ற இடத்தில், பழைய பேட்டரிக் காரீயத்தை வீட்டருகே பிரித்தெடுத்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் அங்கே 18 குழந்தைகள் இறந்தன. காரணம் காரீய நஞ்சு என்று பிறகுதான் புரிந்தது. உலகத்தில் சுமார் 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் கவலைப்படத்தக்க அளவு காரீயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-ல் எச்சரித்தது. ‘இந்த அளவு வரை பரவாயில்லை’ என்று காரீயத்துக்கு ஓர் எல்லையே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

அறிகுறிகள் என்ன? அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, எரிச்சல், படிப்பில் பின்தங்கல். எல்லாமே சாதாரணமாகத் தோன்றுபவை! ‘பூச்சி மருந்து கொடுங்க, இரும்புச்சத்து டானிக் கொடுங்க’ என்று காலம் போய்விடும். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்க வேண்டும். இதற்குக் கைவைத்தியம் கிடையாது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முறையாகச் சுத்தி செய்யாத உலோகப் பொடிகளை, எங்கள் துறையின் பெயரைச் சொல்லிச் சந்தையில் விற்கிறவர்கள் உண்டு. காரீய நஞ்சுக்கு மருந்து தேடிப்போய் இன்னும் கொஞ்சம் காரீயத்தை வாங்கி விழுங்காதீர்கள்.

காலி டப்பா காலி அல்ல!

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமை. ஆனால் திராட்சைத் தோட்டத்திலும், மலைமேல் ஏலத் தோட்டத்திலும் மருந்து அடித்து முடித்தபின் காலி டப்பாக்கள் எங்கே போகின்றன? சில, வெட்டப்பட்டு மக் ஆகின்றன. சில புனலாக, பூந்தொட்டியாக. சாக்குகள் பையாகத் தைக்கப்படுகின்றன. ‘சோப்புப் போட்டு நல்லா கழுவிட்டோம்’ என்பார்கள். பிளாஸ்டிக்கின் உடம்புக்குள் ஊறிய மருந்து சோப்புக்கு வராது.

2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாப்ரா அருகே ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது தடயவியல் சோதனையில் தெரிந்தது. பூச்சிமருந்து வைத்திருந்த டப்பாவில் எண்ணெயை வைத்ததால் இருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. ஒரு காலி டப்பா என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் இதை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

காலியான மருந்து டப்பாவை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று 1971-ம் வருடப் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. குறைந்தபட்சம் மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவில் ஓட்டை போடுங்கள். ஓட்டை டப்பா யார் வீட்டு மக்காகவும் ஆகாது! லேபிளில் சிவப்பு முக்கோணம் இருந்தால் கடும் விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம், பச்சை என்றாலும் மருந்து மருந்துதான்.

தொழிலை மூடிவிடலாமா?

‘இவ்வளவு ஆபத்து என்றால் தடை போட்டுவிட வேண்டியதுதானே?’ என்று சிலர் கேட்பார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. வீட்டில் காரீயம் உருக்குவதையும், மருந்து டப்பாவில் சாமான் செய்வதையும் நிறுத்தியே ஆக வேண்டும். அங்கே சமரசத்துக்கு இடமில்லை. தலையணைத் தொழில் அப்படியல்ல. அதைத் தூசி இல்லாமல் செய்ய முடியும். மூடினால், அந்தக் குடும்பங்களுக்கு நோயோடு பசியும் சேரும். அவ்வளவுதான்.

பஞ்சு உதறுவதை வீட்டுக்குள் செய்யாமல், தனிக் கொட்டகையிலோ திறந்த வெளியிலோ காற்று முதுகுப் பக்கம் வரும்படி உட்கார்ந்து செய்யலாம். விளக்குமாற்றால் தூசி பறக்கப் பெருக்காமல், ஈரத்துணியால் துடைக்கலாம். கொரோனா காலத்தில் எல்லோரும் கற்றுக்கொண்ட என்-95 முகக்கவசம் இந்த வேலைக்கும் உதவும். முந்தானையை மூக்கில் சுற்றினால் பெரிய பிசிறுதான் நிற்கும். நுரையீரலைக் கெடுக்கிற பொடித்தூசி நிற்காது. வேலை முடிந்ததும் குளித்து, துணி மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்க வேண்டும். இதெல்லாம் பெரிய செலவா? ஆனால் ஒரு தலையணைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு, முகக்கவச விலையும் செலவுதான். அதைச் சரக்கு கொடுக்கிற முதலாளி கொடுக்கட்டும். தலையணை விலையில் சில ரூபாய் கூடினால் நாம் கொடுப்போம். பேரம் பேசி நாம் குறைக்கிற அந்தச் சில ரூபாய், யாரோ ஒருத்தியின் மூச்சிலிருந்து கழிகிறது.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, கண்டதும் அறிவிக்க வேண்டிய நோய்களில் பிஸினோசிஸ் இடம்பெற்றது. ஆனால் அது மில் தொழிலாளிக்காக எழுதியது. மில் கழிவை வீட்டுத் திண்ணையில் அடைக்கிறவர் அந்தக் கணக்கில் வரவில்லை. கழிவு மட்டும் வாசலைத் தாண்டி வந்தது, பாதுகாப்பு மில்லிலேயே நின்றுவிட்டது! ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-ல் தொடங்கி, ஊழியர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் நோட்டில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்கிறேன்: ‘வீட்டில் என்ன தொழில் நடக்கிறது?’ இதற்குப் புது மருத்துவமனை வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம்.

நம் பங்குக்கு?

இன்வெர்ட்டர், கார் பேட்டரி பழசானால், புதுசு வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தயாரிப்பாளர்களே திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2022-ம் வருட விதிகள் சொல்கின்றன. கூடுதலாக நூறு ரூபாய் தருகிறான் என்று தெருவில் வருபவரிடம் போடாதீர்கள்.

தலையணை வாங்கும்போது உள்ளே என்ன பஞ்சு என்று கேளுங்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து, நெருக்கமாக நெய்த துணியில் இரட்டை உறை போடுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குப் பழம்பஞ்சுத் தலையணை வேண்டவே வேண்டாம்.

பழைய மெத்தையைக் கொடுக்கும்போது வெயிலில் போட்டுவிட்டுக் கொடுங்கள். பிரிப்பவருக்கும் நுரையீரல் இருக்கிறது.

தோட்டம் வைத்திருப்பவர்கள், காலி டப்பாவைக் கூலிக்காரர்கள் கேட்டால் ‘எடுத்துக்கோ’ என்று தாராளம் காட்டாதீர்கள். அது தானம் ஆகாது.

உங்கள் தெருவில் யாராவது ‘சும்மா’ தைத்துக்கொண்டோ உருக்கிக்கொண்டோ இருந்தால், அடுத்த முறை பேசும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். ‘இந்தச் சாமான் முன்னே எதுவா இருந்துச்சு? உனக்கு இருமல் இருக்காம்மா?’ என்றும் கேளுங்கள்.