மடிக்கணினி கண் திறக்கவில்லையா?



சென்ற மாதம் எங்கள் இல்லத்து மடிக்கணினி திடீரென ஊமையாயிற்று. பத்தாண்டுகள் உழைத்த கருவி. ஊரில் காலஞ்சென்ற என் அன்னையாரின் குரற்பதிவு அதனுள்தான் இருந்தது. இரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டும் எனக்கு இயந்திர நுட்பம் ஏது? ஆயினும் துணிந்தேன்.

முதலில் சார்ஜரையும் பாட்டரியையும் கழற்றி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்தேன். உள்ளே தேங்கிய மின்சாரம் இதனால் வடிந்துவிடும். பின்னர்ச் சார்ஜரை மட்டும் இணைத்தேன். விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, திரையோ இருண்டே கிடந்தது. சார்ஜரை மீண்டும் நீக்கி, அடிமூடியைத் திறந்து, ரேம் தகட்டின் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்துப் பொருத்தினேன். கணினி கண் விழித்தது!

பாட்டரி உப்பியிருப்பின் அழுத்தவோ மின்னேற்றவோ கூடாது, கைதேர்ந்தவரிடம் ஒப்படையுங்கள். கணினியே எழாவிடினும் கலங்க வேண்டாம். ஹார்டு டிஸ்க் பழுதுறாதவரை, அதனைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துப் பெரும்பாலும் படித்துவிடலாம்.

அன்னையாரின் குரலை அன்றிரவே ஈரிடங்களில் படியெடுத்து வைத்தேன். நீங்களும் இன்றே செய்யுங்கள். பழுது சொல்லிக்கொண்டு வருவதில்லை.