மிக்-21 போயாச்சு... ஓய்வுபெறும் போர் விமானங்கள் எங்கே போகின்றன?

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசியாக ஒருமுறை பறந்து விடைபெற்றது மிக்-21. 1963-ல் இந்திய விமானப்படையில் சேர்ந்த ரகம் அது. அன்று சமூக வலைதளங்கள் முழுக்க வீடியோ, சல்யூட், கண்ணீர். சரி, அதுக்கு அப்புறம்? பறப்பதை நிறுத்திய விமானம் எங்கே போகும்?

பெரும்பாலும் காயலான் கடைக்குத்தான். சில விமானங்களைக் கல்லூரிகளும் நகராட்சிகளும் கேட்டு வாங்கி, வாசலிலோ ரவுண்டானாவிலோ தூண்மேல் நிறுத்திவிடும். மிகச் சில மட்டும் அருங்காட்சியகம் போய்ச் சேரும். டெல்லி பாலத்தில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகம் ஓரளவு தெரிந்த இடம். 1933-ல் நம் விமானப்படையின் முதல் அணி பறக்கவிட்ட வாபிட்டி ரகத்தில், உலகத்திலேயே மிச்சம் இருக்கும் ஒரே விமானம் அங்கேதான் நிற்கிறது. ஆனால், பக்கத்திலேயே இருந்தும் பலர் எட்டிப் பார்க்காத சின்ன அருங்காட்சியகங்களும் உண்டு.

கோவாவுக்கு வருஷாவருஷம் நண்பர்களோடு போகிறவர்கள் எத்தனை பேர் போக்மாலோவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குள் போயிருப்பார்கள்? டபோலிம் விமான நிலையத்துக்குப் பக்கம்தான். 1998-ல் திறக்கப்பட்டது. அங்கே நிற்கும் சூப்பர் கான்ஸ்டலேஷனுக்கு மூன்று வால் துடுப்புகள், நான்கு எஞ்சின்கள். 1950-களில் ஏர் இந்தியாவின் பயணிகளைச் சுமந்து, பிறகு விமானப்படைக்குப் போய், அங்கிருந்து கடற்படைக்கு வந்து கடல் கண்காணிப்பு பார்த்தது. ஒரே விமானம், மூன்று வேலை.

அதே வளாகத்தில் சீ ஹாக், அலிஸே ரக விமானங்களும் உண்டு. 1971 போரில் ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலிலிருந்து எழும்பிப் போய், சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கியவை இந்த இரண்டு ரகங்களும்தான். அந்தக் கப்பல் இன்று இல்லை. மும்பையில் சில ஆண்டுகள் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்தது. பராமரிக்க முடியவில்லை என்று ஏலம் விட்டு, 2014-ல் உடைக்கத் தொடங்கினார்கள். அதன் உலோகத்தில் கொஞ்சம் பஜாஜ் வி பைக்கின் டேங்க்கில் போய்ச் சேர்ந்தது. அந்த விளம்பரம் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதை ரசித்த நாம், கப்பல் ஏன் உடைந்தது என்று கேட்டோமா?

பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களுக்கு இன்னும் பக்கம். மாரத்தஹள்ளி போகும் பழைய விமான நிலைய சாலையில் 2001-ல் தொடங்கிய எச்.ஏ.எல். பாரம்பரிய மையம் இருக்கிறது. தினமும் டிராஃபிக்கில் அதைக் கடந்து போகிறார்கள், அவ்வளவுதான். உள்ளே ‘மாருத்’ நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்கு ஃபோக்-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்த கர்ட் டேங்க், பெங்களூரு வந்து இந்தியப் பொறியாளர்களோடு உருவாக்கிய போர் ஜெட் இது. முதல் பறப்பு 1961 ஜூன் 17. மொத்தம் 147 விமானங்கள் தயாராயின. உடல் அருமையாக அமைந்தது. அதற்கு ஈடான எஞ்சின் மட்டும் கடைசி வரை கிடைக்கவே இல்லை. தேஜஸ் எஞ்சினுக்கு இன்றும் வெளிநாட்டை எதிர்பார்த்து நிற்கிறோமே, அந்தக் கதையின் முதல் அத்தியாயத்தை இங்கே தொட்டுப் பார்க்கலாம்.

அரக்கோணத்துக்காரர்களுக்கு டி.யு.-142 நன்றாகத் தெரியும். எஞ்சினுக்கு இரண்டாக, எதிரெதிர் திசையில் சுழலும் புரொப்பல்லர்களோடு ஊரையே அதிரவைத்த ரஷ்ய விமானம். 2017 மார்ச் 29-ல் ஐ.என்.எஸ். ராஜாளியில் ஓய்வு பெற்றது. அவற்றில் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. உள்ளே ஏறி நடக்கலாம். ஆனால், எதிரே கடல். பிரச்சினையே அங்கேதான்.

விமானத்தின் தோல் அலுமினியக் கலவை. இடையிடையே எஃகு போல்ட்டுகள், வேறு உலோகப் பாகங்கள். இரண்டு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால், அது சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே மாவாக உதிரும். வெயில் கண்ணாடிக்கூண்டை மங்கலாக்கும், டயரை வெடிக்கவைக்கும். மழைநீர் வெளியேற வழியில்லாமல் இறக்கைக்குள் தேங்கும். தூண்மேல் நிற்கும் விமானத்துக்கு இதெல்லாம் இன்னும் மோசம். ஏறிப் பார்க்கவே ஆள் இருக்காது. சுதந்திர தினத்துக்கு முன்னால் ஒரு கோட் பெயின்ட் அடித்தால் முடிந்தது வேலை.

இத்தனைக்கும், குப்பையிலிருந்து விமானத்தை மீட்ட அனுபவம் நமக்கே உண்டு. போர் முடிந்ததும் கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை, இனி பறக்கவே கூடாது என்று சிதைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள் பிரிட்டிஷார். எச்.ஏ.எல். அவற்றில் 40-க்கும் மேற்பட்டவற்றைச் சரிசெய்து பறக்கவிட்டது. 1968 வரை விமானப்படையில் இருந்தன. அமெரிக்கா இந்த ரகத்தில் 18,000-க்கும் மேல் தயாரித்தும், பிற்பாடு அருங்காட்சியகத்துக்கு வைக்க விமானம் கிடைக்காமல் இந்தியாவிடம் வந்து கேட்டு வாங்கிப் போனது. பிரிட்டனும் கனடாவும்கூட வாங்கின.

மிக்-21 விமானங்களைப் பங்குபோடும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. கேட்டவருக்கெல்லாம் ஒன்று கொடுப்பதைவிட, கூரை போடவும் வருஷம் ஒருமுறை அரிப்பைச் சோதிக்கவும் பணம் ஒதுக்குபவருக்குக் கொடுக்கலாம். எந்தப் படைத்தளத்தில் இருந்தது, எந்தப் போரில் பறந்தது என்ற விவரப் பலகையும் கூடவே வேண்டும். இப்போது பல இடங்களில் விமானத்தின் பெயரும் வேகமும்தான் எழுதியிருக்கிறது. அதை கூகுளிலேயே பார்த்துக்கொள்ளலாமே.