குலுக்கல் சீட்டு உரிமை ஆகுமா?

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பொம்மை அச்சுக்குக் களிமண் ஊற்றுகிறவள் எங்க அக்கா. 2014இல் அவள் மகளுக்குத் தனியார் பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. இடம் குலுக்கலில் விழுந்தது. அதே பெட்டியில் சீட்டுப் போட்ட பக்கத்து வீட்டுப் பையனுக்கு விழவில்லை. ‘நம்ம தலையெழுத்து அவ்ளோதான்’ என்றது அவன் ஆயா. தலையெழுத்தை ஒழிக்கத்தானே சட்டம் கேட்டோம்?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் என்கிறது. தமிழ்நாட்டில் 2013இலிருந்து சேர்க்கை நடக்கிறது. அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவழிப்பது, தனியார் வாங்கும் கட்டணம், இரண்டில் குறைந்ததை முதலாளிக்குக் கொடுக்கிறது. இது புதுச்சரக்கு இல்லை. பணத்தைப் பள்ளிக்குத் தராமல் பெற்றோர் கையில் சீட்டாகக் கொடு என்று 1955இலேயே மில்டன் ஃப்ரீட்மன் எழுதினார். 1980களில் பினோசெட்டின் சிலி பிள்ளைத் தலையை எண்ணித் தனியாருக்கும் பணம் கொடுத்தது. இங்கே அதற்கு உரிமை என்று பெயர்.

சரி, யாருடைய உரிமை? ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் எல்லாரும் ஒரே பெட்டிக்குள். சேரிக்கென்று தனிப் பங்கு கிடையாது. இதையா இடஒதுக்கீடு என்று நம்மவர்களே மேடையில் பேசுவது?

பெட்டியில் பெயர் விழாத பிள்ளைகளின் பள்ளிக்கொடம் என்ன ஆகிறது, கணக்குப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. 62 பேர் படிக்கும் பள்ளியிலிருந்து மூணு பிள்ளைகளைத் தனியார் வேன் ஏற்றிக்கொண்டு போனால் ஒரு ஆசிரியர் இடம் காலி. அஞ்சு வகுப்புக்கு ரெண்டு வாத்தியார். ‘அங்க பாடமே நடக்கல’ என்று அடுத்த வருசம் இன்னும் நாலு பேர் போவார்கள். அப்புறம் ‘பிள்ளைகளே இல்லை’ என்று பூட்டு. அந்தப் பிள்ளைகளை விரட்டியதும் அரசு, வேனுக்குப் பணம் கட்டுவதும் அரசு.

அந்தப் பணமும் நம் கையில் இல்லை. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. 2025 கோடையில் நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அதுவும் அந்தப் பள்ளிகளில் ஏற்கெனவே சேர்ந்திருந்த பிள்ளைகளுக்கு. ஜூனில் கட்டப் பணமில்லாத கூலிக்காரி பிள்ளை பட்டியலிலேயே இல்லை.

‘அப்போ நம்ம புள்ளைங்க மட்டும் சர்க்கார் பள்ளியிலேயே கெடக்கணுமா?’ என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. அரசுப் பள்ளியில் கக்கூஸ் கழுவ யார் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். அதனால் அக்காவை நான் குறை சொல்லமாட்டேன். பள்ளியைச் சரிசெய்யாமல் 25 சதவீதக் கதவை மட்டும் சாத்துவது இன்னொரு துரோகம்.

நாம் கேட்க வேண்டியது இதுதான். ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் தனியாருக்குப் போன தொகையை வருசா வருசம் ஊர் அறியச் சொல். அதே தொகையை அந்த ஊர் அரசுப் பள்ளிக்கும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கும் கூடுதலாகக் கொடு. தலையெண்ணிக்கை குறைந்தாலும் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் வை. ஏற்கெனவே சேர்த்த பிள்ளைகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வை.

ஏனென்றால் சட்டம் எட்டாவதோடு கைகழுவுகிறது. 2024இல் ஒன்பதாவதுக்கு முழுக் கட்டணம் கேட்டார்கள். அக்கா மகள் அரசுப் பள்ளிக்கு வந்தாள். முதல் நாள் சாயங்காலம் சொன்னாள்: ‘சித்தி, இங்க மதியம் சோறு, முட்டை எல்லாம் போடறாங்க. பத்து வருசமா எனக்கு ஏன் இதைக் குடுக்கல?’

பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை.